புறநகர் ரயிலின் கதவு

இருப்புப்பாதையின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் பாலங்களைப் பற்றியும், மலைச் சுரங்கங்களைப் பற்றியும், நீராவி எஞ்சின்களைப் பற்றியுமே எழுதியிருக்கின்றனர். 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரையில் தென்னாட்டின் முதல் பயணி வண்டி ஓடிய செய்தியைப் பள்ளி மாணவரும் அறிவர். ஆனால் காலையில் அலுவலகத்துக்கும் கல்லூரிக்கும், மாலையில் வீட்டுக்குமாக ஆண்டு முழுவதும் அதே மக்களைச் சுமந்து செல்லும் புறநகர் ரயிலைப் பற்றி எழுதினோர் சிலரே. அவ்வண்டியின் கதவையும் சன்னலையும் பற்றி எழுதினோர் அவரினும் சிலர். பழைய பெட்டிகளை நீக்கிப் புதிய பெட்டிகளை விடும்போதுதான் கதவும் சன்னலும் மக்கள் பேச்சில் இடம்பெறுகின்றன. அப்போது ரயிலை நேசிப்போர் ஒன்று சொல்கின்றனர். ரயிலில் செல்வோர் வேறொன்று சொல்கின்றனர். இவ்விரண்டையும் வரலாறு செவிமடுத்துக் கேட்க வேண்டும் என்பதும், ஆயினும் இரண்டையும் ஒரே நிறையுடையனவாகக் கொள்ளலாகாது என்பதும் என் கருத்து. சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடைப்பட்ட பாதையைச் சான்றாகக் கொண்டு அதனை விளக்க முயல்கிறேன்.

தருமபுரி மாவட்டத்து ஏரியூரில் வாழ்பவனுக்குச் சென்னைப் புறநகர் ரயிலோடு என்ன உறவு என்று நீங்கள் வினவலாம். எங்கள் ஊருக்கு ரயில் இல்லை. ரயிலைக் காண விரும்பும் சிறுவன் பேருந்தேறித் தருமபுரிக்குச் செல்ல வேண்டும். 1980களின் தொடக்கத்தில் ஆசிரியப் பயிற்சிக்காகச் சைதாப்பேட்டைக் கல்லூரியில் நான் சேர்ந்தேன். பல்லாவரத்தில் ஓர் உறவினர் வீட்டில் தங்கியிருந்தமையால், நாளொன்றுக்கு இருமுறை அந்த மின்சார ரயிலில் ஏறி இறங்கும் வழக்கம் ஏற்பட்டது. ரயிலை அறியாதவன் ரயிலுக்குள் புகுந்தால், அதிலேயே பிறந்து வளர்ந்தோர் காணாத சிலவற்றைக் காண்பான். அந்த அளவே என் தகுதி.

இந்தியாவின் முதல் மின்சார ரயில் 1925ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள் பம்பாயில் விக்டோரியா டெர்மினசுக்கும் குர்லாவுக்கும் இடையே ஓடியது. ஆறாண்டுகள் கழித்து, 1931ஆம் ஆண்டு மே மாதத்தில், தென்னிந்திய ரயில்வேயின் மீட்டர் கேஜ் பாதையில் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில்கள் ஓடத் தொடங்கின. ஏறத்தாழ 29 கிலோமீட்டர் நீளமுள்ள பாதை அது. நீராவி வண்டியின் குறை புகையும் கரியும் மட்டுமே என்று எண்ணிவிடலாகாது. அதற்கு நிலையந்தோறும் நின்று மீண்டும் வேகம் பிடிப்பது அரிது. பயணத்தின் முடிவில் எஞ்சினைக் கழற்றி மறு முனைக்குக் கொண்டுபோய் மாட்ட வேண்டும். மின்சார ரயிலிலோ மோட்டார்கள் பெட்டிகளின் அடியிலேயே அமைந்துள்ளன. இரு முனைகளிலும் ஓட்டுநர் அறை உண்டு. ஆதலின் ஒன்றரை இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு நிலையம் வைத்தாலும் தடையின்றி ஓடும். வந்த வழியே உடனே திரும்பவும் செய்யும். புறநகர் என்ற ஒன்று தோன்றுவதற்கே இந்த வசதிதான் அடிப்படை.

மாம்பலத்து ஏரி தூர்க்கப்பட்டுத் தியாகராய நகர் உருவாகிவந்த காலம் அது. தாம்பரத்தை அடுத்து, நல்ல காற்றை நாடி 1928இல் காசநோய் மருத்துவமனை ஒன்று எழுந்தது. தாம்பரம் சானடோரியம் என்னும் நிலையத்தின் பெயரில் அந்நினைவு இன்றும் நிற்கிறது. சென்னைக் கிறித்துவக் கல்லூரி ஜார்ஜ் டவுனின் நெருக்கடியை விட்டு 1937இல் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. மின்சார ரயில் இல்லையேல் அத்துணைத் தொலைவுக்கு ஒரு கல்லூரி துணிந்து சென்றிருக்குமா என்பது ஐயமே. இவையெல்லாம் பாடநூலில் எழுதத் தக்க செய்திகள். நான் சொல்ல விரும்புவது அவற்றினும் சிறிய செய்தி.

அவ்வண்டியில் கதவு என்று சொல்வது ஒரு பேச்சு வழக்கே. உண்மையில் அது எப்போதும் திறந்தே கிடந்த வாயில். அதற்குக் காரணம் இருந்தது. அரை நிமிடத்துக்கும் குறைவாக நிற்கும் வண்டியில் ஒவ்வொருவரும் கதவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தால் வண்டி நகராது. மேலும், நம் நாட்டு வெயிலில் நூறு பேர் நெருங்கி நிற்கும் பெட்டிக்குள் காற்று புக வேறு வழி ஏது? மீட்டர் கேஜில் தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர் அகலமே உண்டு. அகலப்பாதையில் அது 1.676 மீட்டர். ஆகவே பெட்டிகளும் ஒடுக்கமானவை. வளைவுகளில் வண்டி சற்றே அசைந்தாடிச் செல்லும். சைதாப்பேட்டையை விட்டுக் கிண்டிக்குச் செல்லும் வழியில் அடையாற்றின் மேல் ஏறியதும் திடீரென்று குளிர்ந்த காற்று ஒன்று பெட்டிக்குள் பாயும். மீனம்பாக்கத்தை நெருங்குகையில் விமானங்கள் தலைக்குமேல் தாழ்ந்து வரும். வாயிலில் நிற்போர்க்கே இவையெல்லாம் முழுமையாகக் கிட்டும். எனவே இளைஞர்கள் அவ்விடத்தை ஓர் உரிமைபோல் பற்றிக்கொண்டு நிற்பார்கள். "உள்ளே வாங்க தம்பி, காத்து உள்ளேயும் வரும்" என்று பெரியவர் ஒருவர் நாள்தோறும் சொல்லுவார். நாள்தோறும் ஒருவரும் அசைய மாட்டார்கள்.

1960களில் இப்பாதையின் மின்னோட்டம் 1,500 வோல்ட் நேர்மின்னோட்டத்திலிருந்து 25,000 வோல்ட் மாறுமின்னோட்டத்துக்கு மாற்றப்பட்டது. 1955ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் பண்டித நேரு தொடங்கிவைத்த பெரம்பூர் இரயில் பெட்டித் தொழிற்சாலை, அடுத்த சில ஆண்டுகளில் மின்சார ரயில் பெட்டிகளையும் கட்டத் தொடங்கியது. பின்னர் அகலப்பாதை வந்தது. 73 ஆண்டுகள் ஓடிய மீட்டர் கேஜ் மின்சார ரயில் 2004ஆம் ஆண்டோடு ஓய்ந்தது. அகலமான பெட்டி, கூடுதலான இடம், உறுதியான ஓட்டம் ஆகிய நன்மைகள் மறுக்க இயலாதவை. அப்படியிருந்தும் பழைய வண்டிக்காக வருந்தினோர் இருந்தனர். அவர்களைத்தான் ரயில் அன்பர்கள் என்கிறோம்.

ரயில் அன்பர்களை எள்ளி நகையாடுவது எளிது. வண்டியின் எண்ணைக் குறித்துக்கொள்வார். மோட்டாரின் ஒலியைக் கேட்டே அது எந்த வகை என்று சொல்வார். நடைமேடையின் ஓரத்தில் நின்று மணிக்கணக்கில் படம் எடுப்பார். ஆனால் இத்தகையோரின் ஆர்வம் இல்லாவிட்டால் நம் நாட்டு ரயில் வரலாற்றுப் பொருள்களில் பாதி பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும். புதுதில்லியில் 1977இல் திறக்கப்பட்ட தேசிய ரயில் அருங்காட்சியகத்துக்காகப் பழைய எஞ்சின்களைத் தேடித் திரட்டியதில், மைக்கேல் சேட்டோ என்ற ஆங்கிலேய அன்பருக்குப் பெரும் பங்கு உண்டு. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 1855இல் கட்டப்பட்ட ஈ.ஐ.ஆர். 21 என்னும் எஞ்சின், ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஜமால்பூரிலும் ஹௌராவிலும் காட்சிப் பொருளாக நின்றது. பெரம்பூர்ப் பணிமனைத் தொழிலாளர் அதனை உயிர்ப்பித்து, 2010ஆம் ஆண்டு சுதந்திர தினத்தன்று சென்னை சென்ட்ரலிலிருந்து ஆவடி வரை ஓடச் செய்தனர். வேலை என்பதற்கு மேற்பட்ட ஓர் அன்பு இல்லாமல் இது நடக்கக் கூடியதா?

இங்கே ஒன்றை நோக்குங்கள். அன்பர்களின் அன்பு எஞ்சினைத் தேடிச் செல்கிறது. அரியதைத் தேடிச் செல்கிறது. நாள்தோறும் இலட்சக்கணக்கானோர் ஏறி இறங்கிய புறநகர்ப் பெட்டிக்கு அந்தப் பேறு எளிதில் கிட்டுவதில்லை. ஆதலால்தான் அதன் ஒலியையும் அசைவையும் காற்றையும் பற்றி ஓர் அன்பர் புலம்பினால், அப்புலம்பலை நான் அலட்சியம் செய்வதில்லை. அலுவலகக் கோப்புகளில் பெட்டியின் நீளமும் எடையும் இருக்கும். அடையாற்றின் மேல் வீசிய காற்று இராது.

2025ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள், இதே பாதையில், சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வழியாகச் செங்கல்பட்டு வரை, முற்றிலும் குளிரூட்டப்பட்ட 12 பெட்டிகள் கொண்ட புறநகர் ரயில் ஓடத் தொடங்கியது. பெட்டிகள் பெரம்பூரில் கட்டப்பட்டவை. கதவுகள் தாமே திறக்கும், தாமே மூடும். ஒரு பெட்டியிலிருந்து மற்றொன்றுக்கு உள்ளேயே நடந்து செல்லலாம். தொடங்கிய சில நாட்களிலேயே பயணிகள் நேரம் பொருந்தவில்லை என்று தெரிவிக்க, மே மாதத்தில் காலஅட்டவணை திருத்தப்பட்டது. பயணி சொல்லும் குறை எத்துணை விரைவாகப் பயன் தரக்கூடும் என்பதற்கு இது நல்ல சான்று.

என் பழைய மாணவர் ஒருவர் சென்னையில் பணி புரிகிறார். இளமை முதலே ரயிலில் பெரும்பற்று உடையவர்; தருமபுரி நிலையத்தில் சரக்கு வண்டியின் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்துவிட்டுப் பள்ளிக்குத் தாமதமாக வந்தவர். அந்த வண்டியில் முதன்முறை பயணம் செய்துவிட்டு என்னிடம் தொலைபேசியில் பேசினார். "வண்டி அருமை ஐயா. ஆனால் கண்ணாடிக் குடுவைக்குள்ளே உட்கார்ந்து போகிற மாதிரி இருக்கிறது. ஆறு வந்தது கண்ணுக்குத்தான் தெரிந்தது" என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை. சன்னல் திறக்காத வண்டியில் ஊர் ஒரு படமாகிவிடுகிறது. மோட்டாரின் ஒலியும் வெளியே நின்றுவிடுகிறது. நான் அவரிடம், "சரி ஐயா, கட்டணம் எவ்வளவு?" என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். அன்பர்கள் பெரும்பாலும் கடைசியாக நினைப்பது அதனையே.

கட்டணத்துக்கு வருமுன் கதவைப் பற்றி இன்னும் சிறிது சொல்ல வேண்டும். அங்கே உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது. 2018ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் நாள் காலையில், மின்கம்பிக் கோளாற்றால் புறநகர் ரயில்கள் விரைவுப் பாதையில் திருப்பிவிடப்பட்டன. அப்பாதையில் பரங்கிமலை நிலையத்தருகே சுவர் ஒன்று பாதைக்கு மிக நெருங்கி நின்றது. நெரிசலால் படியில் தொங்கிச் சென்ற பயணிகள் அதில் மோதி வீழ்ந்தனர்; சிலர் உயிரிழந்தனர். மும்பையில் 2025ஆம் ஆண்டு ஜூன் 9ஆம் நாள், மும்ப்ரா அருகே, நெரிசல் மிகுந்த வண்டிகளின் வாயிலில் நின்றோர் கீழே விழுந்து மாண்டனர். அவர்கள் காற்று வாங்க நின்றவர்கள் அல்லர். உள்ளே இடமில்லாததால் நின்றவர்கள். நான் பயணம் செய்த நாட்களில் எங்களுக்கு இன்பமாக இருந்த அதே வாயில்தான் இது. திறந்த வாயிலின் வரலாற்றை எழுதுவோன் அடையாற்றுக் காற்றை ஒரு வரியிலும், பரங்கிமலைச் சுவரை மறு வரியிலும் எழுதியாக வேண்டும். ஒன்றை விட்டால் மற்றது பொய்யாகிவிடும்.

பிற நாட்டிலும் இவ்வாறே நடந்திருக்கிறது. தென் இங்கிலாந்தில் ஒவ்வொரு இருக்கை வரிசைக்கும் ஒரு கதவு என்னும் அமைப்புடைய புறநகர் மின்சார ரயில்கள் பல பத்தாண்டுகள் ஓடின. நிலையத்தில் பயணிகள் கதவுகளை அறைந்து மூடும் ஓசை அந்நாட்டு ரயிலுக்கே உரிய இசை என்று அன்பர்கள் கொண்டாடினர். ஆனால் அக்கதவுகள் ஓடும் வண்டியிலும் திறக்கும். பழைய பெட்டிகளின் கட்டுமானமும் மோதலைத் தாங்காது. 1988ஆம் ஆண்டு டிசம்பரில் கிளாப்பம் சந்திப்பில் நிகழ்ந்த மோதலில் 35 பேர் இறந்தனர். அதன்பின் பாதுகாப்பு விதிகள் கடுமையாகி, 2005ஆம் ஆண்டில் அவ்வண்டிகள் முக்கியப் பாதைகளிலிருந்து விடைபெற்றன. அன்பர்கள் திரளாக வந்து வழியனுப்பினர்.

வைட் தீவில் நிகழ்ந்தது வேறு வகை. அங்கே இலண்டன் சுரங்க ரயிலின் 1938ஆம் ஆண்டுப் பெட்டிகள் 2021ஆம் ஆண்டுத் தொடக்கம் வரை ஓடின! அவற்றில் ஏறிச் செல்வதற்கென்றே தொலைவிலிருந்து அன்பர்கள் வந்தனர். தீவில் வாழ்வோரோ நாள்தோறும் குலுங்கிக் குலுங்கி வேலைக்குச் சென்றனர். பின்பு அவற்றுக்கு மாற்றாக வந்தவையும் புத்தம் புதியன அல்ல. இலண்டனில் ஓடி ஓய்ந்த, 1980ஐ ஒட்டிக் கட்டப்பட்ட பெட்டிகளையே புதுப்பித்து அனுப்பினர். பழையதைப் புதுப்பித்தல் என்பது வறுமையின் அடையாளம் என்று நினைப்போர் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

இனிக் கட்டணம். சென்னையில் குளிரூட்டப்பட்ட புறநகர் ரயில் தொடங்கியபோது அதன் மிகக் குறைந்த கட்டணம் 35 ரூபாய். சாதாரணப் புறநகர் ரயிலில் அது 5 ரூபாய். ஏழு மடங்கு. மும்பையில் 2017ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் முதல் குளிரூட்டப்பட்ட புறநகர் ரயில் ஓடத் தொடங்கியது. பல ஆண்டுகள் அதில் கூட்டம் குறைவாகவே இருந்தது. 2022ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒருவழிப் பயணச்சீட்டின் விலையைப் பாதியாகக் குறைத்த பின்னர் பயணிகள் பெருகினர். ஆயினும் அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில், சாதாரண வண்டிகளின் நேரத்தில் குளிரூட்டப்பட்ட வண்டிகளை விட்டதால், கல்வா, பத்லாப்பூர் முதலிய இடங்களில் பயணிகள் கிளர்ச்சி செய்தனர். புதிதாகச் சேர்த்த பத்துச் சேவைகளை ரயில்வே நிறுத்தி வைத்தது. அங்கே கிளர்ச்சி செய்தோர் புதுமைக்குப் பகைவர்களா? அவ்வாறு எழுதிய பத்திரிகைகளும் உண்டு. அது நேர்மையான மதிப்பீடு என்று நான் கருதவில்லை. அவர்கள் கையில் இருந்தது சாதாரண வண்டியின் சீசன் டிக்கெட். அவர்கள் நெடுநாளாக ஏறிவந்த நேரத்து வண்டி, தாங்கள் ஏற முடியாத வண்டியாக மாறி வந்து நின்றது. மூடிய கதவு உயிரைக் காக்கிறது என்பது உண்மை. அந்த உயிர்க்காப்பு ஏழு மடங்கு விலைக்கு விற்கப்படுமானால், படியில் தொங்குவோன் தொங்கிக்கொண்டேதான் இருப்பான்.

மும்ப்ரா விபத்துக்குப் பின்னர் ரயில்வே அமைச்சகம் ஒரு முடிவை அறிவித்தது. குளிரூட்டப்படாத புறநகர் வண்டிகளுக்கும் தானியங்கிக் கதவுகள் அமைக்கப்படும். காற்று புகுவதற்காகக் கதவுகளில் சாய்சட்டங்களும், கூரைமேல் காற்றை உள்ளே தள்ளும் பொறிகளும் இருக்கும். ஒரு பெட்டியின் கூட்டம் மற்றொன்றுக்குப் பரவ இடைவழிகளும் இருக்கும் என்பன அதன் சாரம். நூறாண்டுகளாகத் திறந்த வாயில் செய்துவந்த இரண்டு வேலைகளை, அதாவது காற்று தருவதையும் விரைந்து இறக்கி ஏற்றுவதையும், மூடிய கதவைக் கொண்டு சாதாரணக் கட்டணத்தில் செய்விக்கும் முயற்சி அது. என் கருத்தில், குளிரூட்டப்பட்ட வண்டியினும் இதுவே பெரிய மாற்றம். இதற்கு மாலை சூட்டப் படம் எடுக்கும் அன்பர்கள் திரளுவார்களா என்பது சந்தேகம்.

நான் ஏன் இத்துணைச் சிறு செய்திகளைப் பற்றிக் கவலைப்படுகிறேன் என்பதற்கு எங்கள் மாவட்டத்திலேயே காரணம் உண்டு. 1906ஆம் ஆண்டில் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு, இரண்டடி ஆறு அங்குல அகலமே உள்ள சிறு ரயில் பாதை திறக்கப்பட்டது. பஞ்சக் காலத்தில் தானியம் கொண்டுவருவதற்கு உதவும் என்ற நோக்கமும் அதற்கு இருந்தது. பின்னர் அது ஓசூர் வரை நீட்டப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அப்பாதை மூடப்பட்டுத் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. மொரப்பூரையும் தருமபுரியையும் அகலப்பாதையால் இணைக்கும் திட்டத்துக்கு இந்நூற்றாண்டில் ஒப்புதல் கிடைத்திருக்கிறது. பழைய பாதையின் அகலமும், திறந்த ஆண்டும், மூடிய காலமும் ஏடுகளில் உள்ளன. அதில் சென்றவர்கள் என்ன உணர்ந்தார்கள் என்பதை அவ்வேடுகளில் தேடிப் பயனில்லை.

1990களில் நான் வகுப்பு மாணவர்களை அனுப்பி, அவரவர் வீட்டுப் பெரியோரிடம் அந்தச் சிறு ரயிலைப் பற்றிக் கேட்டுவரச் சொன்னேன். பெரும்பாலோர் வெறுங்கையோடு வந்தனர். ஒரு சிறுமி மட்டும் தன் பாட்டி சொன்னதை எழுதிக்கொண்டு வந்தாள். பாட்டி சிறு வயதில் தந்தையோடு தருமபுரிக்குச் சென்றாராம். வழியில் மழை பிடித்துக்கொள்ளப் பெட்டியிலிருந்தவர்கள் பலகைச் சன்னல்களை இறக்கிவிட்டார்களாம். அப்போது உள்ளே நெல் குதிருக்குள் இருப்பதுபோல் இருண்டுவிட்டது. யாரோ ஒருவர் மட்டும் ஒரு சன்னலைச் சாண் அளவு தூக்கிப் பிடித்துக்கொண்டு, குழந்தையை அங்கே உட்கார வைத்தார் என்று எழுதியிருந்தாள். அந்தச் சிறு ரயிலின் சன்னலைப் பற்றி எனக்குக் கிடைத்த சான்று அந்த ஒரு தாள்தான்.